கன்னத்துக்குப் பழகிய கத்தி

பழைய சவரக் கத்திகளைத் துரு நீக்கித் தீட்டிக் கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: வாடிக்கையாளர் யாரும் என்னிடம் சத்தம் போட்டுப் பேசுவதில்லை, ஏனென்றால் கத்தி என் கையில் இருக்கும்.

முன்பு நான் அரிசி ஆலையில் இயந்திரம் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தவன். ஆலை மூடியபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு மடக்குச் சவரக் கத்தியை எடுத்து வந்து தீட்டினேன். அது முழங்கை மயிரை வழித்த அழகில் மயங்கியவன்தான், இன்னும் தெளியவில்லை. இப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற என் வீட்டின் பின்விறாந்தை முழுக்கத் தீட்டுக்கல்லும் தோல் வாரும் பிரஷும் நுரைக் கிண்ணமும்தான். சலூன்காரர்கள் என் வாடிக்கையாளர் அல்ல. அவர்கள் ஆளுக்கொரு புது பிளேட் போட வேண்டும், அதுதான் சரியும்கூட. தன் முகத்தைத் தன் கத்தியால் தானே வழிக்கிற பிடிவாதக்காரர்கள்தான் என்னைத் தேடி வருகிறார்கள். இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு எனக்குப் போட்டியே இல்லை. ஏன் இல்லை என்று என் மனைவி அடிக்கடி விளக்கம் சொல்வாள்.

காலையில் அவசரமாகச் சவரம் செய்து, வெட்டுப்பட்ட இடத்தில் பேப்பர்த் துண்டை ஒட்டி, அதை எடுக்க மறந்து கந்தோருக்குப் போன அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி. ஆகவே உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

மாங்கேணிக்காரரின் வார்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் முடி வெட்டுகிற அறைக்கு மாங்கேணிக்காரர் ஒருவர் பொறுப்பு. அதற்கு முன் கடலுக்குப் போனவர். அந்த ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் சொந்தக் கத்தியை எடுத்துக் காட்டி, தோல் வார் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். வார் என்பது ஒவ்வொரு சவரத்துக்கும் முன் கத்தியை நீவி எடுக்கிற தோல் பட்டை. இதில் ஒரேயொரு சட்டம்தான் உண்டு. கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட வேண்டும். மாறிச் செய்தால் கத்தி வாரை வெட்டிவிடும்.

நானே பஸ் ஏறிப் போய் வாரைக் கொடுத்து, பத்துத் தரம் செய்து காட்டி, அவரையும் செய்யவைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கடலில் வலை இழுத்த கை, அழகாகத்தான் நீவினார். மறுநாள் காலை போன் வந்தது. இன்னொரு வார் வேண்டுமாம், முதல் வார் இரண்டு துண்டாகிவிட்டதாம். வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றதில் பதற்றம் வந்து, பழைய கைப்பழக்கத்தில் கூரை முன்னே தள்ளிவிட்டார். "பத்துத் தரம் காட்டினனே அண்ணன்?" என்று நான் அழாக்குறையாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "மீன் கத்திய நாங்க இப்பிடித்தான் தம்பி தீட்டுவம். இண்டுவரைக்கும் ஒரு மீனும் குறை சொன்னதில்ல."

எத்தனை பாகை?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கமலா டீச்சர் வந்தது ஒரு சனிக்கிழமை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, கதிரையில் அமர்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் திறந்தபின்தான் பேசவே ஆரம்பித்தார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன்.

அவருடைய கணவர் குணரெத்தினம் சேர், காணி அளக்கிற நில அளவையாளராக இருந்தவர். நாற்பது வருடமாக ஒரே மடக்குக் கத்தியால் தன் முகத்தைத் தானே வழித்தவர். நான்கு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வலது கன்னத்தில் உணர்ச்சியும் குறைவு. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. அன்றிலிருந்து தாடி வளர்கிறது. சலூன்காரரைக் கூட்டிவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மருமகன் முறையான ஒருவர் பாவம் என்று நல்ல பாதுகாப்பு ரேசர் ஒன்று வாங்கிக் கொடுக்க, அது ஜன்னல் வழியாக வளவுக்குள் போய் விழுந்தது. இதற்கிடையில் மகளின் கலியாணம் வருகிறது, இன்னும் ஏழு கிழமைதான். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய தகப்பன், "தாடியோட நான் சபைக்கு வரமாட்டன், என்ட தம்பி செய்யட்டும்" என்று சொல்லிவிட்டார். மகள் கலியாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று மட்டும் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது டீச்சர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் பழகப் போறன்," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேர் இரத்தம் இளக்குகிற குளிசை குடிக்கிறவர், ஒரு சின்ன வெட்டுப் பட்டாலும் இரத்தம் லேசில் நிற்காது, டாக்டரும் கவனம் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் சரியாகப் பழக வேண்டும் என்றார் டீச்சர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். கத்தியைக் கன்னத்தில் தட்டையாக வைக்கக் கூடாது, நிமிர்த்தியும் பிடிக்கக் கூடாது, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்றேன். டீச்சர் எழுதுவதை நிறுத்தினார். கைப்பையிலிருந்து பாகைமானியை எடுத்து மேசையில் வைத்தார். "கொஞ்சம் எண்டா எத்தின பாகை தம்பி?"

தாடிக்காரரின் ஆசை

டவுனில் ஜோசப் அங்கிளைத் தெரியாதவர்கள் குறைவு. பறங்கியர், மோட்டார் திருத்துகிறவர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. அவர் ஒருநாள் துருப்பிடித்த ஒரு கத்தியைக் கொண்டுவந்து, "இருக்கிறதில ஆகக் கூடின கூர் வைச்சுத் தா மகன்" என்றபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தாடிக்குள் இருக்கிற முகத்தை ஊரே பார்க்கப் போகிறது, அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன். மூன்று நாள் அந்தக் கத்தியோடுதான் கிடந்தேன். தலைமயிர் ஒன்றைத் தொங்கவிட்டு, கத்தி பட்டதும் அறுகிறதா என்று பார்த்தேன். அறுந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தால் மனிதர் அங்கேயே கத்தியைத் திறந்து, மேசையில் கிடந்த வயலினின் நரம்புகளைத் தாங்குகிற மரத்துண்டை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். பூப்போல மரச் சீவல் சுருண்டு விழுந்தது. கலியாண வீடுகளில் அவர் வயலின் வாசிப்பவர் என்பது எனக்குத் தெரியும். அந்த மரத்துண்டு கொஞ்சம் தடிப்பாக இருந்து சத்தம் அடைக்கிறதாம், அதற்காகத்தான் கத்தி. என் முகம் வாடியதைக் கண்டுவிட்டார். தோளில் தட்டிச் சொன்னார்: "என்ட முகத்த விடு மகன், அத ஆரு பாக்கிற? ஆக்களுக்கு முன்னால போறது இந்த வயலின்தானே."

முதல் முகம்

கமலா டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். பலூனை ஊதி, அதற்கு நுரை பூசி, உடையாமல் நுரையை மட்டும் வழித்தெடுப்பதுதான் முதல் பாடம். முதல் நாள் வெடித்த வெடியில் பக்கத்து வளவு நாய்கள் எல்லாம் குரைத்தன. என் மனைவி எட்டிப் பார்த்து, யாருடைய பிறந்தநாள் என்று கேட்டுவிட்டுப் போனாள். டீச்சர் முகம் முழுக்க நுரையோடு, எந்தப் பலூன் எத்தனையாவது இழுப்பில் எந்தச் சாய்வில் வெடித்தது என்று கொப்பியில் எழுதினார். நான்காவது சனிக்கிழமை ஒரு பலூனும் வெடிக்கவில்லை.

அடுத்தது மனித முகம். யாருடையது என்று கேள்வி வந்தபோது விறாந்தையில் நான் ஒருவன்தான் இருந்தேன். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வாயை மூட முடியவில்லை. தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், மயிர் வளர்ந்த பக்கமாகவே இழுக்கச் சொன்னேன், நாடிக்கிட்ட அவசரப்பட வேண்டாம் என்றேன், மூக்கைப் பிடிக்கிறதென்றால் இரண்டு விரலால் என்றேன். டீச்சர் பதில் சொல்லாமல் வழித்துக்கொண்டே வந்தார். "இப்ப கவனம், இப்ப கவனம்" என்று நான் சொன்ன நேரத்தில்தான் நாடி அசைந்து ஒரு சின்ன வெட்டு விழுந்தது. டீச்சர் படிகாரக் கட்டியை ஈரமாக்கி அந்த இடத்தில் அழுத்தினார். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருக்கிறவனைப் பார்க்கிற பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களவிடப் பலூன் நல்லம் தம்பி. அது கதைக்காது."

தெரியாத மயிர்

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் எனக்கு நல்ல வாடிக்கையாளர். தாடியை ஒதுக்கி, கன்னத்தையும் கழுத்தையும் மட்டும் சுத்தமாக வழிப்பவர். ஒருநாள் நுரை பூசுகிற பழைய பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்து, கன்னத்தில் தடவி, மெத்தென்று இருக்கிறது என்று மெச்சினார். பிறகு அமைதியாக, இது என்ன மயிர் என்று கேட்டார். பழைய பிரஷ்களில் பன்றி மயிரும் உண்டு, குதிரை மயிரும் உண்டு, வேறு மிருகங்களின் மயிரும் உண்டு. எனக்கு விற்றவர் "இயற்கை மயிர்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். நானும் அதையே அட்டையில் எழுதிக் கட்டி வைத்திருந்தேன்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கைதேர்ந்தவன் என்ற பெயர் போய்விடுமே. ஆகவே ஒரு மயிரைப் பிடுங்கி, எரித்து மணந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று பெரிய ஆள்போல நெருப்புக்குச்சியைத் தட்டினேன். இரண்டு பேரும் குனிந்து மணந்தோம். நான் நெற்றியைச் சுருக்கி யோசிப்பதுபோல் இருந்தேன். ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் என்னை வெட்கப்படுத்தவில்லை. பிரஷை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, குதிரை மயிர் என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொன்றை எடுத்துக்கொண்டார். போகும்போது சொன்னார்: "எரிச்சா எல்லா மயிரும் ஒரே மணம்தான் தம்பி. தெரியாட்டித் தெரியாதெண்டு எழுதி வைங்க, பிழை விட்டாப் பிழை விட்டதெண்டு சொல்லுங்க. ஆக்கள் உங்களத் தேடித்தான் வருவாங்க."

நான் செய்த திருத்தம்

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் டீச்சர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். சேரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அவர் நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டு, "என்ட கத்தியெண்டா... பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு சம்மதம். அந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "கல்லில போட வேணாம் தம்பி. வாரில மட்டும் நீவித் தாங்க," என்று தெளிவாகச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூர் நேராக இல்லை. நுனிப்பக்கம் அதிகமாகத் தேய்ந்து, நடுவில் லேசாகக் குழிந்து, அடிப்பக்கம் தொடாமலே கிடந்தது. முதுகும் ஒரு பக்கம் கூடத் தேய்ந்திருந்தது. நாற்பது வருடமாக இந்த மனிதர் பிழையாகத் தீட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அளவையாளர் என்றார்களே, இதுவா அளவு என்றும் நினைத்தேன். இரத்தம் நிற்காத ஒருவரின் கன்னத்துக்கு இப்படியொரு கோணல் கத்தியா? நியாயமெல்லாம் எனக்கு நன்றாகவே வந்தது. உண்மை என்னவென்றால், கோணல் கூரைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்லை நனைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் கூர் நூல் பிடித்ததுபோல் நேராகிவிட்டது. முடித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது. டீச்சரின் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. சேரை ஜன்னலருகே இருத்தி, சுடுநீர் ஒற்றி, நுரை பூசி எல்லாம் நன்றாகத்தான் நடந்ததாம். கத்தியைக் கன்னத்தில் வைத்து முதல் இழுப்பு இழுத்ததுமே அவர் இடது கையால் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உணர்ச்சியில்லாத வலது கன்னம் அது. ஆனால் காது கேட்கிறதே. மயிரில் கத்தி ஓடுகிற சத்தம் அவருக்கு நாற்பது வருடமாகப் பழக்கம். வேறொரு கத்தியைக் கொடுத்துச் சுகமில்லாத மனிதனை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அரைக் கன்னத்து நுரையைத் தானே துண்டால் துடைத்துவிட்டுப் படுக்கைக்குப் போனவர், காலைச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. டீச்சர் என்மேல் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. சேர் கேட்டதை மட்டும் திருப்பிச் சொன்னார்: "'இது என்ட கத்தி இல்ல, நீயுமா?' எண்டு கேட்டாரு தம்பி."

களுவாஞ்சிக்குடியில் ஒரு காலை

போனை வைத்துவிட்டுக் கல்லைத் திரும்பிப் பார்த்தேன். கோணல் என்று நான் நினைத்தது கோணல் அல்ல என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்த மனிதரின் நாடி ஒரு பக்கம் ஒடுங்கலாக இருந்திருக்கும், அவருடைய மணிக்கட்டு ஒரு மாதிரி வளைந்திருக்கும், அவர் நுனியால் வழிப்பவராக இருந்திருப்பார். அதற்கெல்லாம் ஏற்றபடி கத்தி நாற்பது வருடம் தேய்ந்து தேய்ந்து அவருடைய கன்னத்துக்குப் பழகியிருந்தது. அதை நான் இரண்டு மணித்தியாலத்தில் அழித்துவிட்டேன். போகாமல் இருக்க எனக்கு ஆயிரம் காரணம் தோன்றியது. காத்தான்குடி ஹாஜியார் சொன்னது நினைவுக்கு வந்து வந்து தொல்லை கொடுத்தது. அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன்.

குணரெத்தினம் சேர் ஜன்னலருகே சக்கர நாற்காலியில் இருந்தார். நரைத்த தாடி கழுத்தை மூடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: "சேர், இது உங்கட கத்திதான். டீச்சர் உங்கள ஏமாத்தல்ல. வாரில மட்டும் நீவச் சொன்னவ, நான்தான் கல்லில போட்டுப் பிழை செய்திட்டன்." அவர் இடது கையை நீட்டினார். டீச்சர் கத்தியைத் திறந்து கொடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே பிடித்து, வரம்பு பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிடியில் இருந்த ஒரு பழைய வெடிப்பைப் பெருவிரலால் தடவினார். தன்னுடைய கத்திதான் என்று தெரிந்துவிட்டது. "நேரா... இரிக்கு," என்றார். பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறேன் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். "என்னத்துக்கு? அந்தக் கை... இல்லையே."

இந்த மனிதர் தாடிக்காக ஐந்து மாதம் பிடிவாதம் பிடிக்கவில்லை, அந்தக் கைக்காகத்தான் பிடித்திருக்கிறார் என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது. டீச்சர் உள்ளே போனார். நுரைக் கிண்ணத்தில் பிரஷ் சுழல்கிற சத்தம் கேட்டது. வந்து, ஒன்றும் கேட்காமல் சேரின் முகத்தில் நுரை பூசினார். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கினார். "ஓம், இது உங்கட கத்தி இல்லத்தான்," என்றார். "உங்கட கைக்குப் பழகின கத்தி போயிற்று. இது இனி என்ட கத்தி, என்ட கைக்குப் பழகப் போகுது. கன்னத்தத் தாங்க, நுரை காயுது."

சேர் அவரையே பார்த்தார். பிறகு மெல்ல முகத்தைத் திருப்பிக் கன்னத்தைக் கொடுத்தார். நான் படிகாரக் கட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் வேர்வையிலேயே அது பாதி கரைந்திருக்கும். பாகைமானி அன்று தேவைப்படவில்லை. வலது கன்னம், நாடி, இடது கன்னம், கடைசியில் கழுத்து. கழுத்துக்கு வந்தபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், டீச்சர் திரும்பாமலே இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நேரான கூர், பழகுகிற கைக்கு வசதியாகத்தான் ஓடியது. ஒரு துளி இரத்தம் இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளியே வந்த அந்த முகத்தைப் பார்க்க, கதவோரம் மகள் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சேர் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் கொஞ்சம் இருந்தார். "சத்தம்... பரவாயில்ல," என்றார்.

இரண்டு மயிர்

கலியாணத்துக்கு என்னையும் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். சபை நிறையச் சனம். சேர் பட்டு வேட்டியும் சால்வையுமாக மணவறையில், சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் பளபளவென்று இருந்தது. தாரை வார்க்கிற நேரம் டீச்சர் அவருடைய வலது கையைத் தூக்கி இடது கையோடு சேர்த்துப் பிடித்தார். மகளின் கையில் தண்ணீர் விழுந்தது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டார். பெண்ணின் தகப்பனுக்குக் கத்தி தீட்டினவன் என்று சொன்னதும் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

தொழில்காரன் கண் கெட்ட கண். சாப்பாடு முடிந்து சேருக்குக் கிட்டப் போனபோது, இடது காதுக்குக் கீழே இரண்டு வெள்ளை மயிர் தப்பி நிற்பதைக் கண்டுவிட்டேன். இவ்வளவு சுத்தமாக வழித்த முகத்தில் அது மட்டும் எப்படித் தப்பியது? மனம் கேட்கவில்லை. குனிந்து காதோடு சொன்னேன். சேர் அந்த இடத்தை விரலால் தொட்டார். ஏற்கெனவே தெரிந்த இடத்தைத் தொடுகிற மாதிரித் தொட்டார். அப்பால் விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்த டீச்சரை ஒருதரம் பார்த்துவிட்டு, கோணிய வாயால் சிரித்தார். "நான்தான்... அதுல முகத்தத் திருப்பிக் குடுக்கல்ல," என்றார். "கலியாணம் முடிஞ்சிட்டு எண்டு... கத்திய வைச்சிருவாவோ எண்டு... பயம் தம்பி. கணக்கு டீச்சர்... மிச்சத்தோட... விடமாட்டா."

அந்தக் கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தீர்களென்றால், ஐந்து மாதம் கத்தி படாதிருந்த தகப்பனின் முகம் கண்ணாடியாக இருக்க, அன்று காலை அவசரத்தில் சவரம் செய்த அடையாளமாக நாடியில் பேப்பர்த் துண்டோடு பின்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன்தான், இந்த ஊரிலேயே ஆகக் கூடிய கூர் வைக்கிறவன் என்று பெயரெடுத்த நான்.